முதுகுத் தண்டின் மறைவான ஊழியர்கள்

(ஜூபிலி ஆண்டையொட்டிப் பங்கு மண்டபத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் ஆலயத்துக்கு வர்ணம் பூசுகிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், மூத்தோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவை யாவும் நன்றே. ஆயினும் ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் எழுந்து செல்வதைப் பீடத்தருகே நின்று பார்க்கும்போது, நம் கண்ணில் படுவது ஒன்றுண்டு. தரையில் அமர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு கையைத் தரையிலும் மறு கையை இடுப்பிலும் ஊன்றி எழுகிறார்கள்! முழந்தாளிட்டவர் எழுவதற்கு முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்குகிறார். கேட்டால், "ஜவ்வு தேஞ்சு போச்சு சாமி" என்கிறார் ஒருவர். "டிஸ்க் விலகிடுச்சு, இனி வேலைக்குப் போகக் கூடாதாம்" என்கிறார் இன்னொருவர். "எல்லாம் வாயுப் பிடிப்பு" என்று தைலம் தடவிக்கொள்கிறார் மூன்றாமவர்.

நம் பங்கு மக்கள் யார்? கருங்கல் உடைப்போர், நெல் மண்டியில் மூட்டை தூக்குவோர், ஆட்டோ ஓட்டுவோர், தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்போர், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைக் கடைகளில் காலை முதல் இரவு வரை ஒரே நாற்காலியில் இருப்போர், விடுதிகளில் துணி துவைத்து அறை துடைக்கும் தாய்மார்கள். இவர்களுக்கு முதுகுதான் மூலதனம். அது வீழ்ந்தால் அடுப்பு அணைகிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றுபோகிறது, கழுத்துத் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. ஆகவே, இந்த 'ஜவ்வு' என்பது என்ன, அதை உயிரோடு காத்துவருவது யார், அது கெட்டுப்போவது எவ்வாறு, காக்கும் வழி என்ன என்று இன்று சற்றே ஆராய்வோம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்கள் ஆராய்ந்து நிலைநாட்டியவற்றை நம் மக்களின் மொழியில் எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

தட்டின் அமைப்பு

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள்; அவற்றுள் கீழே உள்ளவை வளர வளர ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மேலே தனித்தனியாய் அசையும் எலும்புகளுக்கு இடையே 23 தட்டுகள் இருக்கின்றன. இவற்றைத்தான் மருத்துவர் 'டிஸ்க்' என்றும் நாம் 'ஜவ்வு' என்றும் சொல்கிறோம். முதுகுத் தண்டின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தத் தட்டுகளே.

ஒரு தட்டை நுங்குக்கு ஒப்பிடலாம். நடுவே வழுவழுப்பான கூழ். அதைச் சுற்றி உறுதியான நார். இதை நடுக்கூழ் என்றும் வளைய நார் என்றும் அழைப்போம். வளைய நார் வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் நார்கள் மாறி மாறிச் சாய்ந்து பின்னப்பட்டது. மேலும் கீழும் எலும்போடு ஒட்டும் இடத்தில் மெல்லிய குருத்தெலும்புத் தகடு ஒன்று உண்டு. நடுக்கூழ் பெரும்பாலும் தண்ணீர். பச்சைக் குழந்தைக்கு அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நீர். முதுமையில் எழுபது அளவுக்குக் குறைகிறது.

வெறும் தண்ணீர் எப்படி நம் உடலின் பாரத்தைத் தாங்கும் என்று கேட்கலாம். நீர் தானாகத் தாங்காது. அதைப் பிடித்துவைக்க ஒருவர் வேண்டும். அக்ரிகன் என்றொரு புரதம் உண்டு. பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் போல, நடுவே ஒரு தண்டும் சுற்றிலும் சர்க்கரை இழைகளுமாய் இருப்பது. அந்த இழைகளில் எதிர்மின் ஏற்றம் உள்ளதால் சோடியம் போன்ற உப்புத் துகள்களை இழுத்துக்கொள்கின்றன. உப்பு இருக்கும் இடத்துக்கு நீர் தானே வந்து சேரும். ஊறுகாய் ஜாடியில் உப்பு நீர் விடுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். உப்பு நீரை இழுக்கிறது; அதே நியதிதான் இங்கும். இவ்வாறு நீரை இழுத்து உப்பி நிற்கும் கூழை, சுற்றியுள்ள நார் விரிந்துவிடாதபடி இறுக்கிப் பிடிக்கிறது. காற்றடைத்த டயர் வண்டியைத் தாங்குவது போல் இத்தட்டு நம்மைத் தாங்குகிறது.

உயிரணுக்களின் ஊழியம்

இந்த அக்ரிகனையும் நாரையும் செய்பவர் யார்? இதற்குத்தான் வந்தோம். தட்டுக்குள் வாழும் உயிரணுக்கள் இவற்றைச் செய்கின்றன. தட்டின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு அளவே அவை இருக்கின்றன. எஞ்சிய 99 பங்கும் அவை கட்டியெழுப்பிய வீடு. நடுக்கூழின் உயிரணுக்கள் அக்ரிகனையும் மெல்லிய கொலாஜன் நாரையும் செய்கின்றன. ஓரத்து உயிரணுக்கள் தடித்த கொலாஜன் நாரை முறுக்கி அடுக்குகின்றன. அது மட்டுமன்று. பழையது சிதைந்தால் அதைக் கரைத்து அகற்றும் நொதிகளையும் அவையே சுரக்கின்றன. அளவு மீறிக் கரைந்துவிடாதபடி அந்நொதிகளை அடக்கும் பொருள்களையும் அவையே செய்கின்றன. கட்டுதல், துப்புரவு, காவல் ஆகிய மூன்று வேலையும் ஒரே கையில்!

ஆனால் இந்த வேலை மிக மெதுவாக நடப்பது. தோலில் கீறல் விழுந்தால் ஒரு வாரத்தில் ஆறுகிறது. தட்டில் உள்ள அக்ரிகன் புதிதாக மாற பல ஆண்டுகள் ஆகின்றன. கொலாஜனோ ஒரு மனிதனின் ஆயுள் காலம் முழுவதும் ஏறக்குறைய அப்படியே நிற்கக்கூடியது. ஆகவே இங்கே கெட்டதை மீட்பது அரிது. கெடாமல் காப்பதே அறிவுடைமை.

பஸ் போகாத ஊர்

இந்த உயிரணுக்களுக்கு ஒரு பெருங்குறை உண்டு. வளர்ந்த மனிதனின் தட்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை. உடலிலேயே இரத்தக் குழாய் இல்லாத மிகப் பெரிய உறுப்பு இதுதான். நடுவே வாழும் உயிரணுவுக்கு மிக அருகிலுள்ள இரத்தக் குழாய் 7 அல்லது 8 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கக்கூடும். உயிரணுவின் அளவோடு ஒப்பிட்டால் இது நெடும் பயணம். நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் பஸ் போகாத கிராமங்களை நினைத்துப் பாருங்கள். அரிசியும் மண்ணெண்ணெயும் சாலை முடிந்த இடம் வரை லாரியில் வரும்; அதற்கப்பால் தலைச்சுமைதான். அவ்வாறே, எலும்பு வரை இரத்தத்தில் வரும் சர்க்கரையும் பிராணவாயுவும் அங்கிருந்து மென்தகட்டின் வழியே கசிந்து கசிந்து உள்ளே செல்ல வேண்டும். உள்ளே சேரும் லாக்டிக் அமிலம் என்னும் கழிவு அதே வழியே வெளியே வர வேண்டும். பிராணவாயு குறைவாகக் கிடைப்பதால், இந்த உயிரணுக்கள் அது இன்றியே சர்க்கரையை எரித்து வாழப் பழகியிருக்கின்றன. ஆனால் சர்க்கரையே வராவிட்டால் சில நாட்களில் மாண்டுபோகின்றன. அமிலம் தேங்கினாலும் வேலை நின்றுவிடுகிறது.

இதைக் கண்கூடாகக் காட்டியவர்களில் நம் தமிழ் நாட்டினர் முன்னணியில் இருப்பது நமக்குப் பெருமை. 1978-ல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்களும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி, எம்.ஆர்.ஐ. படத்தை ஒருமுறை அன்று, 24 மணி நேரத்துக்குப் பல தடவை எடுத்துப் பார்த்தார்கள். மருந்து எலும்புக்கு வந்துசேரச் சில நிமிடங்களே ஆயின. தட்டின் நடுவில் அது நிறையவோ ஏறக்குறைய 6 மணி நேரம் பிடித்தது. மென்தகடு பழுதுபட்ட தட்டுகளில் இந்த ஒழுங்கு குலைந்திருந்தது. வயதால் முதிரும் தட்டு வேறு, நோயால் சிதையும் தட்டு வேறு என்றும், மென்தகடு கெடுவதே சிதைவின் வாயில் என்றும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. 2004-ல் இடுப்புத் தண்டு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசு அதற்குக் கிடைத்தது. அதே குழுவினர் 2013-ல் இன்னோர் ஆய்வுக்கும் அப்பரிசைப் பெற்றார்கள். தட்டு பிதுங்கி அறுவைச் சிகிச்சைக்கு வந்த 181 பேரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 65 பேருக்கு மென்தகடு எலும்போடு சேரும் இடத்தில்தான் பழுது இருந்தது. வளைய நார் மட்டும் கிழிந்தவர்கள் 11 பேரே. உணவு செல்லும் வாசலும் பாரம் தாங்கும் மூட்டும் ஒரே இடம். அவ்விடம் உடைந்தால் இரண்டும் கெடுகின்றன.

பகலில் பிழிந்து இரவில் ஊறி

ஆனால் இறைவன் வகுத்த உடலின் ஏற்பாட்டைக் காணுங்கள். பகல் முழுதும் நின்று நடக்கும்போது தட்டிலிருந்து சிறிது நீர் வெளியேறுகிறது. இரவு படுத்திருக்கையில் மீண்டும் ஊறி உப்புகிறது. காலையில் நாம் இருக்கும் உயரத்தைவிட மாலையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குறைகிறோம். ஐந்தரை அடி மனிதர் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு குள்ளமாகிவிட்டுத் தூங்கி எழுந்ததும் பழைய உயரத்தை அடைகிறார்! 1984-ல் நம் நாட்டு ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றது பெரியோர்களுக்கு நினைவிருக்கும். பாரமற்ற அவ்விடத்தில் தங்குவோரின் தண்டு நீண்டு, உயரம் 5 சென்டிமீட்டர் வரைகூடக் கூடுவதுண்டு. அது நன்மை என்று எண்ணிவிடாதீர்கள். பூமிக்குத் திரும்பிய வீரர்களுக்குத் தட்டு பிதுங்கும் ஆபத்து மற்றவரைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். ஓயாத பாரமும் தீமை. பாரமே இல்லாமையும் தீமை. மாறி மாறி வரும் மிதமான பாரமே உயிரணுக்களுக்கு உகந்தது. அழுத்தம் ஏறி இறங்கும்போது அவை உணர்ந்து, அக்ரிகன் செய்யத் தூண்டப்படுகின்றன.

தட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது? 1999-ல் ஜெர்மனியில் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள், 45 வயதான மருத்துவர் ஒருவர் தாமே முன்வர, அவருடைய இடுப்புத் தட்டுக்குள் நுண்ணிய அளவுகோல் ஒன்றைப் பொருத்தி அளந்து வெளியிட்டார்கள். மல்லாந்து படுத்திருக்கையில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவு. நிற்கையில் 5 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகம் என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள்! அவர் 20 கிலோ எடையை முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்கியபோது 23 கிலோ அழுத்தம். முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17. எடையை உடம்போடு சேர்த்துப் பிடித்தபோது 11 அளவே. எடை ஒன்றே, தூக்கும் முறையால் பாதிக்குப் பாதி குறைகிறது. இரவில் ஏழு மணி நேரம் தூங்குகையில், நீர் ஊறி ஊறி, படுத்த நிலையிலேயே அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்ததையும் அக்கருவி காட்டியது.

உயிரணுக்கள் குறைவது ஏன்?

தாயின் கருவில் முதுகுநாண் என்றொரு தண்டு முதலில் தோன்றுகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் எச்சமான பெரிய உயிரணுக்கள் குழந்தையின் நடுக்கூழில் நிறைந்திருக்கின்றன. மனிதரில் ஏறக்குறைய பத்து வயதுக்குள் அவை பெரும்பாலும் மறைந்து, சிறிய வேறு உயிரணுக்கள் அவ்விடத்தைப் பெறுகின்றன. இதன் பொருளை நாய்களிடம் கண்டார்கள். டாஷண்ட் என்னும் குட்டைக்கால் நாய்க்கு அந்தப் பழைய உயிரணுக்கள் ஒரு வயதுக்குள் போய்விடுகின்றன. இளமையிலேயே தட்டு கெட்டுப் பின்னங்கால்கள் விழுந்துபோகின்றன. வேட்டைக்கு ஓடும் கிரேஹவுண்ட் நாய்க்கோ அவை நெடுநாள் நிலைத்திருக்கின்றன. தட்டும் நெடுநாள் நலமாயிருக்கிறது. ஆகவே அந்த உயிரணுக்களிலிருந்து சுரக்கும் பொருள்கள் மற்றவற்றைக் காக்கின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள். ஜப்பானில் டோக்காய் பல்கலைக் கழகத்தார் 2012-ல், பெருகிப் புதிய உயிரணுக்களைத் தரவல்ல மூல உயிரணுக்கள் நடுக்கூழில் இருப்பதையும், வயதும் சிதைவும் ஏற ஏற அவை தீர்ந்துபோவதையும் எடுத்துக்காட்டினார்கள். விதைநெல்லைத் தின்று தீர்த்த வீட்டில் அடுத்த போகம் ஏது?

இவ்வாறு குறையும்போது எஞ்சிய சில உயிரணுக்கள் முதுமையடைந்து, தாமும் பெருகாமல், அழற்சிப் பொருள்களைக் கக்கத் தொடங்குகின்றன. கரைக்கும் நொதி கூடுகிறது. கட்டும் வேலை குறைகிறது. அக்ரிகன் அறுபடுகிறது, நீர் போகிறது, தட்டு தாழ்கிறது, நாரின்மேல் பாரம் விழுந்து அது வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே, முன்பு இல்லாத வலி நரம்புகள் உள்ளே புகுகின்றன. தேய்மானத்தின் கதை இதுவே.

இதற்குக் காரணம் உழைப்பு மட்டுமா? அன்று. ஃபின்லாந்து நாட்டில் இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்ததில், வாழ்நாள் முழுதும் வேறுவேறு வேலை செய்த இரட்டையரின் தட்டுகளும் பெரிதும் ஒத்திருந்தன. பெற்றோரிடமிருந்து வரும் பாரம்பரியமே இதில் பெரும் பங்கு என்று தெரிந்தது. மூட்டை தூக்கித்தான் இந்த நிலை வந்தது என்று தம்மையே நொந்துகொள்ளும் அப்பாக்கள் இதைக் கேட்டு ஆறுதல் கொள்வார்களாக. ஆனால் நம் கையில் உள்ளவையும் உண்டு. ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகையாதவர் என்றிருந்த ஒரே கரு இரட்டையர்களை ஒப்பிட்டு 1991-ல் வெளிவந்த ஆய்வில், புகைத்தவரின் இடுப்புத் தட்டுகளில் சிதைவு 18 விழுக்காடு அதிகமாயிருந்தது. பீடிப் புகை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. மலைக் கிராமத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் பாறையை உருட்டிவிட்டது போல! கட்டுப்படாத சர்க்கரை நோயும் நாரை விறைப்பாக்குகிறது. கூடுதல் உடல் எடையும் சுமைதான்.

படத்தைக் கண்டு பயம் வேண்டாம்

இனி ஒரு முக்கியமான விஷயம். ஸ்கேன் எடுத்தார்கள்; 'டிஸ்க் தேய்மானம், பிதுக்கம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று முதல் அந்தக் குடும்பத் தலைவர் கட்டிலை விட்டு எழவில்லை. வலி குறைந்த பின்பும், எழுந்தால் தண்டு முறிந்துவிடும் என்ற அச்சம். நான்கு மாதம் ஆட்டோ ஓடவில்லை. வட்டிக்காரர் வாசலில். இத்தகைய வீடுகளுக்கு நாம் சென்றிருக்கிறோம். இவர்களுக்குச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

வலியே இல்லாத மக்களைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். எந்த வலியும் இல்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்குத் தட்டில் சிதைவு தெரிந்தது. 50 வயதினரில் 80 விழுக்காடு. 80 வயதினரில் 96 விழுக்காடு. தலை நரைப்பது போன்றது இது. படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்றோ, உழைப்பு முடிந்தது என்றோ கொள்ளக் கூடாது. அதுபோலவே, பிதுங்கி வெளியே வந்த கூழை உடலின் துப்புரவு உயிரணுக்களே வந்து தின்று, சில மாதங்களில் சுருக்கிவிடுவது பலருக்கு நடக்கிறது. கால் வரை இழுக்கும் வலி பெரும்பாலோருக்கு அறுவையின்றியே தணிகிறது.

படுத்தே கிடப்பது மருந்தா? 1995-ல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களில், திடீர் இடுப்பு வலி கண்டவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கை; ஒரு பிரிவினருக்குப் பயிற்சி; ஒரு பிரிவினர் வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தார்கள். மூன்றாம் பிரிவினரே விரைவில் குணமடைந்தார்கள். காரணத்தை நாம் இப்போது அறிவோம். அசையாத தட்டின் உயிரணு பட்டினி கிடக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது, நடை. 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களின் தட்டுகள் நீர் நிறைந்து தடித்திருப்பதைக் கண்டார்கள். விரைந்து நடக்கும் வேகமே தட்டுக்கு உகந்த அளவில் உள்ளது என்றும் குறித்தார்கள். நம் ஊரில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நம் வாசல் வழியே மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அதே நிழல் சாலை மற்ற நாட்களில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதிகாலையிலோ மாலையிலோ அரை மணி நேரம் கை வீசி நடந்தால் போதும். நெரிசலும் இல்லை, கட்டணமும் இல்லை.

இரண்டாவது, காலையில் எழுந்தவுடன் குனியாதீர்கள். இரவெல்லாம் ஊறிய தட்டு அப்போது விம்மி நிற்கிறது; குனிந்தால் நாருக்கு அதிக இழுப்பு. எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட வலி குறைந்ததாக 1998-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தாய்மார்களே, உங்களுக்குத்தான் இது மிகவும் பொருந்தும். கண் விழித்ததும் வாசல் பெருக்குவதும், குடம் தூக்குவதும், பாத்திரம் தேய்ப்பதும் உங்கள் தலையில் அல்லவா விழுகின்றன! நீண்ட கைப்பிடித் துடைப்பம் ஒன்று வாங்கினால் பெருஞ்செலவு ஆகாது. தண்ணீர்க் குடத்தை எடுக்கும் வேலையைக் காலையில் வீட்டிலிருக்கும் வாலிபன் ஏற்றுக்கொள்ளட்டும். அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாவது, தூக்கும் முறை. மூட்டையின் அருகே சென்று, கால்களை அகற்றி வைத்து, முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு சேர்த்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இருவர் தூக்கக் கூடியதை ஒருவர் தூக்குவது வீரம் அன்று. திருவிழாத் தேர்ப்பவனியில் சப்பரம் தூக்கும் இளைஞர்களும் இதைக் கேட்கட்டும். ஒத்த உயரமுள்ளவர்கள் இணைந்து தோள் கொடுங்கள், தெருவுக்குத் தெரு ஆள் மாறுங்கள், இறக்கும்போது ஒரே குரலில் சேர்ந்து இறக்குங்கள்.

நான்காவது, ஒரே நிலையில் நெடுநேரம் இராதீர்கள். கடையில் அமர்ந்திருப்போர், தையல்காரர், ஓட்டுநர், தியானத்தில் அசையாமல் இருக்கும் அன்பர்கள், எல்லாருக்கும் இது ஒன்றே விதி. அரை மணிக்கொருமுறை எழுந்து நாலடி நடவுங்கள். சவாரிக்குக் காத்திருக்கும்போது ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடக்காமல் இறங்கி நில்லுங்கள்.

ஐந்தாவது, பீடி, சிகரெட்டை விடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். இரவில் போதிய தூக்கம் கொள்ளுங்கள். தட்டு நீர் ஊறும் நேரம் அதுவே.

ஏமாறாதீர்கள்

உயிரணுக்கள் தீர்ந்துபோவதே காரணமென்றால் புதியவற்றை ஊசியால் ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களைத் தட்டுக்குள் செலுத்தும் சோதனைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, நடக்கின்றன. ஆனால் பஸ் போகாத ஊரில் புதுக் குடித்தனங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? பழுதுபட்ட மென்தகட்டின் வழியே உணவு செல்லாத தட்டில் புதிய உயிரணுவும் பிழைக்க வேண்டுமே! இச்சிக்கல் இன்னும் தீரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்கு மட்டுமே மூல உயிரணு மாற்றை அங்கீகரித்தன. மற்றவற்றுக்கு அனுமதி பெற்ற ஆராய்ச்சியாகவே செய்யலாம் என்றும், ஆராய்ச்சியில் சேருபவரிடம் பணம் வாங்கக் கூடாது என்றும் கூறின. ஆகவே, லட்சக் கணக்கில் பணம் கேட்டு, 'ஜவ்வை வளர்த்துத் தருகிறோம்' என்று எவராவது சொன்னால், நிலத்தை விற்க ஓடாதீர்கள். முதுகின்மேல் ஏறி மிதித்து 'தட்டை உள்ளே தள்ளுவோர்' இருக்கிறார்கள், அவர்களிடமும் போகாதீர்கள்.

அதேசமயம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் விழுந்தாலோ, அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போது அறுவைச் சிகிச்சை ஒரு நாள் தள்ளினாலும் கால் போய்விடலாம். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும், எடை குறைவும், இரவு வியர்வையும் இருந்தால் அது தேய்மானம் அன்று. தண்டில் காசநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசமாய் மருந்து உண்டு. முழுதாய்ச் சாப்பிட்டால் குணமாகும். விழுந்து அடிபட்ட பின் வந்த வலியையும், முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வந்த வலியையும் அலட்சியம் செய்யலாகாது.

அன்பார்ந்தவர்களே, நம் உடம்பில் கண்ணுக்கும் இதயத்துக்கும் புகழ் உண்டு. தட்டுக்குள் இருட்டில், இரத்தமும் போதிய காற்றும் எட்டாத இடத்தில் நூற்றில் ஒரு பங்காய் இருந்துகொண்டு நம் பாரத்தையெல்லாம் சுமக்கும் இந்தச் சிறு உயிரணுக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவை நம்மிடம் கேட்பது மிகச் சொற்பம். கொஞ்சம் அசைவு, கொஞ்சம் ஓய்வு, புகையில்லாத இரத்தம். இவற்றை மறுக்க நமக்கு என்ன நியாயம் உண்டு?

கூட்டம் முடிந்ததும், நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் வேண்டுகோள் ஒன்று வைக்கிறோம். வலியால் வேலையிழந்து வீட்டில் கிடப்போரைக் கண்டு வரும்போது அரிசியோடு இச்செய்தியையும் கொண்டுசெல்லுங்கள். அவரைக் கைப்பிடித்து எழுப்பித் தெருக்கோடி வரை நடத்தி அழைத்து வாருங்கள். அடுத்த வாரம் இன்னும் ஒரு தெரு. தனியாய் நடக்க அஞ்சுபவர் துணையிருந்தால் நடப்பார்.